ஈர மணல்ல நடங்கக்கா!

"பறவை பார்க்கக் கூட்டமாவா போவீங்க? பறந்துடாதா?"

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் என்னைப் பார்ப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கழுத்தில் பைனாகுலர், தலையில் தொப்பி, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் மாமனாரின் கை. பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

முன்பெல்லாம் "அதெல்லாம் பறக்காதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அது நியாயமான கேள்விதான் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷத்தைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு கழிமுகம் இருக்கிறது. உப்பங்கழித் தண்ணீர் கடலோடு கலக்கும் இடம். அதன் பெயரை எழுதப்போவதில்லை. காரணம், படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கே கூடுவோம். பதினைந்து பேர், சில நாள் இருபது பேர். மூன்றாம் வகுப்புச் சிறுமி முதல் 74 வயது தாத்தா வரை. எங்களை அழைத்துப் போகிறவர் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. அவரிடம் படிக்காதவர்களும் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

அந்த 74 வயது தாத்தா என் மாமனார். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கேஷியராக இருந்தவர். அத்தை போன பிறகு வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. காலையில் செய்தித்தாள், மாலையில் டி.வி., நடுவில் ஜன்னல். "சும்மா கார்ல வந்து உக்காருங்க மாமா, கடல் காத்து வாங்கிட்டு வரலாம்" என்று ஏமாற்றித்தான் முதல் நாள் கூட்டிப் போனேன்.

ஆவணியில் வரும் விருந்தாளிகள்

அது ஆவணி கடைசி. கரையில் இறங்கிப் பார்த்தால் வெறும் சேறு. ஒரு பறவையும் இல்லை. இதற்கா நாலரை மணிக்கு எழுந்தோம் என்று எல்லோர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

டீச்சர் சொன்னார்: "பறவையைத் தேடாதீங்க. சேறு எங்கேயாவது அசையுதான்னு மட்டும் பாருங்க."

பார்த்தோம். சேறு அசைந்தது! ஒன்று, இரண்டு, இருபது. சேற்றின் நிறத்திலேயே சின்னச் சின்னப் பறவைகள், தையல் மெஷின் ஊசி மாதிரி மூக்கால் குத்திக் குத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கொசு உள்ளான் என்று பெயர். எடை சுமார் 25 கிராம். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அந்த மூன்று நாணயம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? வட துருவத்தை ஒட்டிய ரஷ்யச் சமவெளிகளிலிருந்து. அங்கே கோடைகாலம் மிகக் குறுகியது. அதற்குள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பனி இறுகுவதற்குள் தெற்கே கிளம்பிவிட வேண்டும். வட ரஷ்யாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் இந்த வழியை மத்திய ஆசியப் பறக்கும் பாதை என்கிறார்கள். சுமார் 30 நாடுகளுக்கு மேலே போகும் பாதை அது.

"பெரிய பறவைங்க முதல்ல கிளம்பிடும். அந்த வருஷம் பிறந்த குஞ்சுங்க பின்னாடி தனியா வரும்" என்றார் டீச்சர்.

அதுவரை காரை விட்டு இறங்காமல் இருந்த மாமா, எப்போது எங்கள் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"தனியாவா? அப்புறம் அதுக்கு வழி யாரு சொன்னது?" என்றார்.

அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை. அந்த வாரமே அவர் பேசிய முதல் கேள்வி என்றும் சொல்லலாம்.

சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப் புலம் இவற்றைக் கொண்டு திசை அறிகின்றன, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது பிறவியிலேயே கொஞ்சம் பதிந்திருக்கிறது என்று டீச்சர் விளக்கினார். மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார். வீடு திரும்பும்போது, "அடுத்தது எப்பம்மா?" என்றார்.

ஒரே சேறு, ஆளுக்கொரு அலமாரி

புரட்டாசியில் ஒவ்வொரு முறையும் கூட்டம் பெருகியது. பறவைக் கூட்டத்தைச் சொல்கிறேன்! உப்புக்கொத்திகள், பச்சைக்கால் உள்ளான், கற்களைப் புரட்டிப் பார்த்துச் சாப்பிடும் கல்திருப்பி உள்ளான், நீளமான மூக்கு கீழ்நோக்கி வளைந்த கோட்டான்.

எங்கள் குழுவின் மூன்றாம் வகுப்புக்காரி ஒரு நாள் கேட்டாள்: "எல்லாம் ஒரே இடத்துல சாப்பிடுதே, சண்டை வராதா?"

டீச்சர் ஒரு குச்சியை எடுத்துச் சேற்றில் குத்திக் காட்டினார். மேல்மட்டத்தில் இருக்கும் சின்னப் புழு பூச்சி கொசு உள்ளானுக்கு. கொஞ்சம் கீழே இருப்பது நடுத்தர மூக்குக்காரர்களுக்கு. ஆழத்தில் வளைக்குள் ஒளிந்திருக்கும் புழுவும் நண்டும் கோட்டானுக்கு. உப்புக்கொத்திக்கு மூக்கு குட்டை, ஆனால் கண் பெரிது. அது ஓடும், நிற்கும், பார்க்கும், ஒரே கொத்து. நம் வீட்டு அலமாரியில் ஆளுக்கொரு தட்டு இருக்கிற மாதிரிதான். அவரவர் கைக்கு எட்டியது அவரவருக்கு.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. இரண்டு நடைகள் ரத்து. மூன்றாவது முறை போனால் இடமே மாறிப்போயிருந்தது. கோடையில் கடல் போட்டிருந்த மணல் திட்டை வெள்ளம் உடைத்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் உட்கார்ந்து இட்லி சாப்பிடும் இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர். குட்டைக்கால் பறவைகளைக் காணோம். ஆழம் கூடினால் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை, வேறு சேறு தேடிப் போய்விடும். பதிலுக்கு, கூழைக்கடாக்கள் வந்திருந்தன. தலைக்கு மேலே செம்பருந்து வட்டமடித்தது.

"சேவிங்ஸ் அக்கவுன்ட் மூடிட்டு ஃபிக்ஸட் டெபாசிட் திறந்திருக்காங்க" என்றார் மாமா. குழுவே சிரித்தது. அவர் ஜோக் சொல்லி எத்தனை நாளாகிறது என்று நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்கழி: கட்டுக் கட்டாய் எண்ணு

மார்கழியும் தையும்தான் உச்சம். கழியில் தண்ணீர் வடிந்து, சேறு மறுபடியும் மேலே வந்துவிடும். விடிகாலையில் கரை முழுவதும் பறவைக் கம்பளம் விரித்தது போல இருக்கும்.

கம்பளத்தை எண்ணுவது எப்படி? இளைஞர்கள் பத்து, பதினொன்று என்று ஆரம்பிப்பார்கள், நாற்பதுக்குள் கூட்டம் இடம் மாறிவிடும். மாமா வந்தார். "நோட்டை யாராவது ஒவ்வொண்ணா எண்ணுவாங்களா? முதல்ல ஒரு கட்டு எவ்வளவு பருமன்னு கண்ணுக்குத் தெரியணும்" என்றார். முதலில் பத்துப் பறவையை ஒழுங்காக எண்ணிக்கொள்வார். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் குறித்துக்கொள்வார். அதே அளவில் பத்துப் பத்தாக நகர்ந்து நூறு. பிறகு நூறு நூறாக. டீச்சர் அசந்துபோனார். உலகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பில் சொல்லித்தரும் முறையே அதுதானாம்! கூண்டுக்குள் உட்கார்ந்து பழகிய கை, கரையில் வந்து வேலை செய்தது.

அந்தக் கணக்கு வீணாகவும் போவதில்லை. 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நம் ஊரில் 2015 முதல் பொங்கலை ஒட்டிய நான்கு நாட்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, பார்த்ததை இ-பேர்டு என்ற இலவசச் செயலியில் பதிந்தால் போதும். மொட்டை மாடியில் நின்று காக்கையை எண்ணினாலும் கணக்குதான். மாட்டுப் பொங்கல் அன்று மாமா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு எண்ணியதை எங்கள் வீட்டு வாட்ஸப்பில் இன்னும் பேசுகிறார்கள்.

அந்தத் தை மாதத்தில்தான் ஒன்று நடந்தது. எங்கள் குழுவைச் சேராத ஒருவர், பெரிய லென்ஸ் கேமராவோடு வந்தார். பறவைகள் மொத்தமாக எழும்பினால் படம் பிரமாதமாக வரும் அல்லவா? கூட்டத்தை நோக்கி ஓடினார். நூற்றுக்கணக்கான சிறகுகள் ஒரே நேரத்தில் திரும்பிப் பளிச்சென்று வெள்ளையாக மின்னின. குழந்தைகள் கைதட்டினார்கள். நானும் செல்போனில் வீடியோ எடுத்தேன். மறைக்க ஒன்றுமில்லை, மெய்சிலிர்த்துத்தான் எடுத்தேன். அவர் மூன்று முறை ஓடினார்.

டீச்சர் யாரையும் திட்டவில்லை. மாமாவிடம் மட்டும், "மறுபடி எல்லாம் எறங்கி சாப்பிட ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆச்சு, சார்?" என்று கேட்டார்.

மாமா கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தார். "பதினோரு நிமிஷம்."

கடல் வற்றும் சில மணி நேரம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு நேரம். தண்ணீர் ஏறிவிட்டால் இலையை எடுத்துவிடுவார்கள். அதில் பதினோரு நிமிஷம் போயிற்று. பறப்பதற்குச் செலவான சக்தி தனி. நான் அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விதி வந்தது. பறவை சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தி நம்மைப் பார்த்தால், நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். இரண்டடி பின்னால் வர வேண்டும்.

அந்த 'இரண்டடி பின்னால்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் புதுச் சட்டை

மாசி பிறந்ததும் பறவைகள் சட்டை மாற்ற ஆரம்பித்தன. குளிர்காலம் முழுவதும் காதருகே ஒரு கறைப் பொட்டோடு திரிந்த பழுப்புத்தலைக் கடற்காகங்களுக்கு, அப்போதுதான் பெயருக்கு ஏற்ற பழுப்புத் தலை முளைத்தது. சாம்பல் நிறத்தில் இருந்த சில உப்புக்கொத்திகளின் மார்பில் ஆரஞ்சு நிறம் ஏறியது. பங்குனிக் கடைசியில் பொன்னிற உப்புக்கொத்திகளுக்கு வயிறு கறுக்கத் தொடங்கியிருந்தது. ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமே!

சட்டை மட்டுமல்ல, உடம்பும் மாறியது. கிளம்புவதற்கு முன் அவை கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. சில இனங்கள் தங்கள் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்தக் கொழுப்புதான் வழிச் சோறு. பதினோரு நிமிஷம் ஏன் பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் முழுமையாக உறைத்தது.

ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம் குறைந்தது. எல்லாம் போய்விடுவதும் இல்லை. முதல் வருஷத்து இளசுகள் சில, ஊருக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று இங்கேயே கோடையைக் கழித்துவிடும். ஆனாலும் மார்கழிக் கம்பளம் பார்த்த கண்ணுக்குக் கரை வெறிச்சென்று இருந்தது. மாமா கடைசியாக ஒரு முறை திரும்பிப் பார்த்து, "போயிட்டு வாங்க" என்றார். நம் வீட்டில் கிளம்புகிறவரிடம் 'போ' என்று சொல்லக்கூடாதல்லவா?

சித்திரையில் நான் செய்தது

வந்த விருந்தாளிகள் போய்விட்டார்கள், இனி ஆவணி வரை கரையில் என்ன இருக்கப்போகிறது? அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் பழக்கத்தை விடக்கூடாது என்று சித்திரையிலும் ஒரு நடை போனோம். டீச்சருக்கு அன்று ஊரில் விசேஷம். "நான் பார்த்துக்கறேன் டீச்சர், எட்டு மாசமா வரேனே" என்று பொறுப்பை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். மொத்தம் பதினெட்டுப் பேர்.

கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவர் குப்பத்துத் தம்பி ஒருவர், எங்களைப் பார்த்ததும் குரல் கொடுத்தார்.

"ஈர மணல்ல நடங்கக்கா! காஞ்ச மணல்ல முட்டை இருக்கும்."

"சரிப்பா" என்றேன். ஆமை முட்டையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆமை மணலுக்கு அடியில்தானே வைக்கும், மேலே நடந்தால் என்ன? ஈர மணலில் நடந்தால் ஷூ நனையும். பைனாகுலர் கழுத்தில் தொங்கினால் நமக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் கூடவே தொங்கும் போலிருக்கிறது.

காய்ந்த மணலில் ஐம்பதடி போயிருப்போம். முன்னால் ஒரு சின்ன உப்புக்கொத்தி. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கத்திக்கொண்டே ஓடியது.

"ஐயோ, சிறகு ஒடிஞ்சிருக்கு!" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சுற்றிச் சூழ்ந்தோம். பின்னால் நின்ற குழந்தைக்குத் தெரியவில்லை. அவளுக்கு வழி விடுவதற்காக, பறவையிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்ற விதியையும் நினைத்துக்கொண்டு, நல்ல மனதோடுதான் இரண்டடி பின்னால் வந்தேன்.

குதிகாலுக்குக் கீழே ஏதோ நொறுங்கியது. சத்தம்கூட இல்லை. அப்பளம் அளவுக்குக்கூட இல்லை.

மணலில் ஒரு சின்னக் குழி. அதில் மூன்று முட்டை. மணல் நிறம், மேலே பேனா மை தெளித்தது போலக் கறுப்புக் கிறுக்கல்கள். இரண்டு முழுதாக இருந்தன.

பறவைக்குச் சிறகு ஒடியவே இல்லை. முட்டைக்கு ஆபத்து என்றால் அடிபட்டது போல நடித்து, எதிரியைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவது உப்புக்கொத்திகளின் வழக்கம். நரிக்கும் நாய்க்கும் அந்த நடிப்புச் செல்லும். நாங்கள் பதினெட்டுப் பேர். கரை முழுவதும் பரவி நின்றிருந்தோம். எத்தனை பேரை அது இழுக்கும்?

ஒருவரும் பேசவில்லை. அந்தத் தம்பி ஓடி வந்தார். முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாம் தள்ளி வாங்கக்கா. வெயிலு ஏறுது. அது வந்து உக்காரலன்னா மீதியும் போயிடும்" என்றார். கோபம் இல்லாத குரல். அதுதான் அதிகம் சுட்டது.

தண்ணீர் விளிம்புக்குப் போய் நின்றோம். சில நிமிடங்களில் பறவை ஓடி ஓடி நின்று, குழியருகே வந்து, உட்கார்ந்தது. சித்திரை வெயிலில் முட்டை அவியாமல் இருக்க, அது மேலே நின்று நிழல் கொடுக்கும். சில சமயம் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து குளிர்விக்கும். அத்தனை வேலை அதற்கு.

காரில் மாமா தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். 'உப்புக்கொத்தி 2. முட்டை 3' என்று எழுதினார். பிறகு அந்த மூன்றை அடித்து, இரண்டு என்று எழுதி, நோட்டை என் பக்கம் நீட்டினார்.

"வங்கியில அடிச்சுத் திருத்தினா, திருத்தினவங்க பக்கத்துல கையெழுத்துப் போடணும். நீதாம்மா போடணும்."

போட்டேன்.

அதற்குப் பிறகு

டீச்சர் ஊரிலிருந்து வந்ததும் குழுவைக் கூட்டினார். "இனிமே போகவே வேண்டாம்" என்றார்கள் சிலர். "தெரியாம நடந்தது, விடுங்க" என்றார்கள் சிலர். டீச்சர் இரண்டையும் ஏற்கவில்லை. "நாம போகலன்னாலும் அங்க பைக் வரும், நாய் வரும், பார்ட்டி நடக்கும். பார்க்கறதுக்கு ஆள் இருக்கணும். ஆனா, நாமளே பைக்கா மாறிடக்கூடாது" என்றார்.

இப்போது பங்குனி முதல் ஆடி வரை எங்கள் நடையில் ஆறு பேர்தான். முன்னால் நடப்பவர் அந்தக் குப்பத்துத் தம்பி. டீச்சர் எங்கள் வழிகாட்டி என்றால், கோடையில் அவர் எல்லோருக்கும் வழிகாட்டி. அதற்குரிய சம்பளத்தைக் குழு கொடுக்கிறது. அலை ஏறும் உயரத்துக்கு மேலே, காய்ந்த மணலில் கால் வைப்பதில்லை.

பருவத்துக்கு ஏற்ப விதி தலைகீழாக மாறும் என்பதையும் கற்றுக்கொண்டேன். மார்கழியில் ஈர மணல் அவற்றின் சாப்பாட்டு இலை, அதை மிதிக்கக்கூடாது. சித்திரையில் காய்ந்த மணல் அவற்றின் தொட்டில், அதை மிதிக்கக்கூடாது.

மீதி இரண்டு முட்டை என்னவாயின? வைகாசியில் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தோம். குழி காலி. பொரித்திருக்கலாம். உப்புக்கொத்திக் குஞ்சுகள் பிறந்த சில மணி நேரத்திலேயே எழுந்து ஓடிவிடும், குழியில் இருக்காது. நாயோ காக்கையோ எடுத்திருக்கவும் கூடும். காலிக் குழி எதையும் சொல்லாது. அன்று சற்றுத் தள்ளி, பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சிக் கால் முளைத்தது போல ஒரு குஞ்சு ஓடியது. "அதுவா இருக்குமாக்கும்" என்றாள் மூன்றாம் வகுப்புக்காரி. மாமா நோட்டில் 'குஞ்சு 1' என்று மட்டும் எழுதினார். எந்த முட்டை என்று எழுதவில்லை.

நான் மிதித்தது நம் ஊரிலேயே தங்கி முட்டையிடும் பறவை. சைபீரியாவிலிருந்து வரும் விருந்தாளிகளைப் பார்த்து வாய் பிளந்த எனக்கு, வீட்டுக்காரரைத் தெரிந்திருக்கவில்லை. நம் கரைவாசிகளில் ஒன்றான ஒரு சின்ன உப்புக்கொத்தியை, தனி இனம் என்று ஆய்வாளர்கள் உறுதி செய்ததே 2023-ல்தான். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வதால், இரண்டு கரையையும் பாலத்தால் இணைத்த அனுமனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

நீங்களும் போகலாம்

* சென்னைக்காரர்களுக்கு 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்புநிலமும், நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடும் பக்கம். டெல்டாக்காரர்களுக்கு 1967-ல் சரணாலயமான கோடியக்கரை. தெற்கே தனுஷ்கோடி, பூநாரைகளுக்குப் பெயர் போனது.

* தனியாகப் போவதைவிட, விஷயம் தெரிந்தவரோடு போவது நல்லது. சென்னையில் 1978-ல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற இயற்கை ஆர்வலர் அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கல்லூரி விலங்கியல் துறையிலும் விசாரியுங்கள்.

* கிளம்பும் முன் கடல் ஏற்ற இறக்க நேரத்தைச் செல்போனில் பாருங்கள். நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் பார்த்த நேரத்தில் இந்த வாரம் சேறு இருக்காது.

* பைனாகுலர் வாங்குவதானால் 8x42 அளவு ஆரம்பத்துக்குப் போதும். முதல் இரண்டு நடைக்கு அடுத்தவரிடம் இரவல் வாங்கிப் பாருங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

* பளபளக்கும் நிறச் சட்டை வேண்டாம். பறவைக் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டுக் கூப்பிட வேண்டாம். கூட்டை, முட்டையைப் படமெடுத்து இடத்தின் பெயரோடு பகிரவே வேண்டாம். ஒருவர் பகிர்ந்தால் அடுத்த ஞாயிறு ஐம்பது பேர் வந்து நிற்பார்கள். ஐம்பது பேருக்கு நூறு குதிகால்.

* எல்லாவற்றையும்விட முக்கியம்: கரையில் வலை பிரிப்பவர் ஏதாவது சொன்னால், நின்று முழுதாகக் கேளுங்கள்.

ஆவணி பிறக்கப்போகிறது. மாமா புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கோடு போட்டு வைத்துவிட்டார். பழைய நோட்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது.

போன ஞாயிறு லிஃப்ட்டில் மூன்றாவது மாடிக்காரர் வழக்கம்போலக் கேட்டார்: "கூட்டமா போனா பறந்துடாதா?"

"பறந்துடும்ங்க. அது பறக்காம இருக்கற தூரத்துல நின்னு பார்க்கத்தான் கத்துக்கிட்டு இருக்கோம். நீங்களும் வாங்களேன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவரும் வருகிறார். ஷூ நனைந்தாலும் பரவாயில்லை என்ற நிபந்தனையோடு!